காற்றுக்குப் பிடிமானம்

வால்வு கூரையைப் பார்க்கும்வரை அண்ணி பந்திலிருந்து கையை எடுக்கமாட்டார். ரப்பர் வளையத்தின் மேல் பந்தை வைப்பார், குனிந்து பார்ப்பார், ஒரு நூலளவு திருப்புவார், நிமிர்வார், மறுபடியும் குனிவார். காற்று அடைக்கும் அந்தச் சின்ன ஓட்டை உச்சியிலும், கம்பெனி முத்திரை தன் முகத்துக்கு நேராகவும் வந்து நிற்க வேண்டும். இத்தனைக்கும் அந்தப் பந்தை உதைக்கப்போவது ஓர் இரும்புக் கால். அதற்கு முத்திரையும் தெரியாது, முகமும் தெரியாது. "சீக்கிரம் வெச்சுட்டு வாங்களேன் அண்ணி" என்றால், "வெக்கிறதுதான் தம்பி வேலை. உதைக்கிறது மெஷின்" என்று பதில் வரும்.

அவர் என் அண்ணன் மனைவி. கால்பந்து செய்யும் தொழிற்சாலையில் சோதனை அறை அவர் பொறுப்பு. அதே தொழிற்சாலையில் சரக்கு அனுப்பும் பிரிவு என் பொறுப்பு. அவர் கையெழுத்து விழாமல் என் லாரி நகராது. வீட்டிலும் ஒரே சமையலறை, வேலையிலும் ஒரே வாசல். இப்படி ஒரு மனுஷியிடம் காலை முதல் ராத்திரி வரை மாட்டிக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அண்ணனாவது பஸ் ஓட்டப் போய்விடுகிறார்.

தையல் பிரிவில் ஊசியோடு சேர்ந்தவர் அண்ணி. தைத்த பந்துகளைத் தடவிப் பார்த்தே எது நேராகப் போகும், எது போகாது என்று சொன்னதால் சோதனை அறைக்கு மாற்றினார்கள். அது ஆகிறது பதினோரு வருடம். 'வால்வு அக்கா' என்று தொழிற்சாலையே கூப்பிடுகிறது. அவருக்கு அதில் வருத்தம் இல்லை, கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்த அறையை அறை என்று சொல்லக்கூடாது, நீளமான கொட்டகை. ஒரு முனையில் இரும்புக் கால் நிற்கிறது. அதன் நுனியில் நிஜமான பூட்ஸ். தினமும் காலையில் அதன் நாடாவை அவிழ்த்து இறுக்கிக் கட்டுவார், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை அனுப்புகிற மாதிரி. இருபத்தைந்து மீட்டர் தள்ளி மறு முனையில் ஒரு கறுப்புத் துணி தொங்குகிறது. பந்தில் சாக்பீஸ் தூளைத் தடவி உதைத்தால் துணியில் வெள்ளையாக ஒரு தடம் விழும். துணியின் நடுப்புள்ளியிலிருந்து அந்தத் தடம் எவ்வளவு தள்ளி என்று டேப்பால் அளந்து எழுத வேண்டும். ஒரு சரக்குக்கு ஐம்பது உதை. ஒவ்வொரு உதைக்கும் தாளில் ஒரு வரி, ஒவ்வொரு வரியின் கடைசிக் கட்டத்திலும் 'பந்தை வைத்தவர்' கையெழுத்து. ஒரே ஆள் ஒரே தாளில் ஐம்பது தடவை தன் பெயரை நிதானமாக எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் என் ரத்தக் கொதிப்புக்குக் காரணம் புரியும்.

சோதனை நடக்கும்போது மின்விசிறி கூடாது. ஜன்னல் கூடாது. கூரையிலிருந்து ஒரு தையல் நூலைத் தொங்கவிட்டிருக்கிறார். அது அசையாமல் நின்றால்தான் உதை. ஒருமுறை நான் தும்மிவிட்டேன். நூல் லேசாக ஆடியது. கால் அப்போதுதான் உதைத்து முடித்திருந்தது. அந்த உதையின் வரியைத் தாளில் அடித்துவிட்டு என்னை வெளியே அனுப்பினார். "சளி சரியானதும் வாங்க தம்பி" என்றார். எனக்குச் சளியே இல்லை, சாக்பீஸ் தூள்.

வீட்டிலும் விடுவதில்லை. கடையில் ஆப்பிள் வாங்கினால் ஒவ்வொன்றையும் விரலால் தடவி, "இது காத்துல நிக்காது" என்று ஒதுக்குவார். கடைக்காரர் ஒருநாள் என்னைப் பார்த்து, "சாப்பிடத்தானே வாங்குறாங்க?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். தொலைக்காட்சியில் ஆட்டம் ஓடும்போது நாங்கள் ஆட்டக்காரர்களைப் பார்ப்போம், அண்ணி பந்தை மட்டும் பார்ப்பார். கோல் விழுந்து வீடே குதிக்கும்போது, "பாவம், கோல்கீப்பர் என்ன பண்ணுவாங்க, பந்து பாதி வழியில மனசு மாறிடுச்சு" என்று உச்சுக்கொட்டுவார். அண்ணனின் வழுக்கைத் தலையைத் தடவி, "இதை உதைச்சா நேராப் போகவே போகாது" என்பார். "பஸ்ஸ நேரா ஓட்டுறேனா இல்லையா, அதைச் சொல்லு" என்பார் அண்ணன். இந்த வசனத்தை இவர்கள் இருவரும் வாரத்துக்கு இரண்டு முறையாவது எனக்காக நடத்திக் காட்டுகிறார்கள்.

வழவழப்பான பந்துதானே காற்றைக் கிழித்துக்கொண்டு போக வேண்டும் என்று நான் ஒருநாள் கேட்டுத் தொலைத்தேன். சோறு ஆறிப் போகும்வரை பேசினார். "எல்லாரும் அப்படித்தான் தம்பி நெனைக்கிறாங்க. காத்துக்குப் பிடிமானம் வேணும். தோல் கொஞ்சம் சொரசொரன்னு இருந்தா காத்து பந்தை ஒட்டிப் பிடிச்சுட்டுப் பின்பக்கம் வரைக்கும் கூடவே வரும். வழவழன்னு இருந்தா பாதியிலயே கைய விட்டுடும். அதுவும் ரெண்டு பக்கமும் ஒண்ணாவா விடுது? இந்தப் பக்கம் முன்னாடி, அந்தப் பக்கம் பின்னாடி. பந்து ஆடிடும்." அப்படியானால் சுழற்றி உதைத்தால் என்ன என்றேன். "சுத்துற பந்து தப்பிச்சுக்கும். எல்லா முகத்தையும் மாத்தி மாத்திக் காட்டிட்டுப் போயிடும். சுத்தாமப் போற பந்துதான் தன் குணத்தைக் காட்டும்." அதனால்தான் அவருடைய இரும்புக் கால் பந்தைச் சுழற்றாமல் நடுவில் இடிக்கிறது.

இந்தமுறை வந்தது புதுப் பந்து. வேறொரு ஊரில் பெண்கள் அணிகளுக்கான பெரிய போட்டி, ஞாயிற்றுக்கிழமை தொடக்கம். வெள்ளிக்கிழமை காலை அறுநூறு பந்துகள் கிளம்பியாக வேண்டும் என்று நான் போட்டிச் செயலாளர் அம்மாவுக்குத் தொலைபேசியில் வாக்குக் கொடுத்திருந்தேன். அவர் ஒரு நாளைக்கு நான்கு முறை கூப்பிட்டு, "பந்து கிளம்பிடுச்சா?" என்று கேட்பார். புல்லரித்த கைபோல மேலெல்லாம் பொடிப்பொடியாகப் புள்ளிகள் எழும்பிய தோல் அந்தப் பந்துக்கு. பார்க்க மங்கலாக இருக்கிறது, மினுக்க வேண்டும் என்று வடிவமைப்புப் பிரிவில் சொல்லி, மேலே இரண்டு தடவை கூடுதலாக வார்னிஷ் அடித்திருந்தார்கள். அண்ணி பெட்டியைத் திறந்ததும் தடவிப் பார்த்தார். முகம் சரியில்லை. "கைக்குப் பிடிக்கல" என்றார். "கைக்கு வேண்டாம் அண்ணி, காலுக்குப் பிடிச்சாப் போதும், உதைங்க" என்றேன்.

வியாழக்கிழமை மதியத்துக்குள் நாற்பது உதை முடிந்திருந்தது. நாற்பதும் நடுப்புள்ளியைச் சுற்றி ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள் விழுந்திருந்தன. அண்ணியே தன் கையைச் சந்தேகித்துத் தலையை ஆட்டினார். இன்னும் பத்துதான். அப்போது பார்த்து நூல் ஆடத் தொடங்கியது. வெளியே காற்று, சரக்கு ஏற்றும் இடத்தின் பெரிய கதவு திறந்திருக்கிறது. அது என் பிரிவின் கதவு. "நான் சொன்னாக் கேப்பாங்க, நீங்க இருங்க" என்று சொல்லிப் பார்த்தேன். "நீங்க சொன்னா மூடுவாங்க. அடி இடுக்கை அடைக்கமாட்டாங்க" என்று அவரே கிளம்பிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் கதவு மூடும் சத்தம் கேட்டது. நூல் நின்றது. அண்ணி வரவில்லை. எட்டிப் பார்த்தேன், மண்டியிட்டுக் கதவின் அடியில் சாக்கைத் திணித்துக்கொண்டிருந்தார். என் சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. செயலாளர் அம்மா. எனக்கு வந்த எரிச்சலில் பெட்டியிலிருந்து ஒரு பந்தை எடுத்துத் தூளில் புரட்டி வளையத்தின் மேல் பொத்தென்று வைத்தேன். வால்வு எந்தப் பக்கம் பார்த்தது என்று நான் பார்க்கவில்லை. விசையைத் தட்டினேன். அடுத்தது. அதற்கு அடுத்தது. பந்து வைக்க இவ்வளவு நேரம்தான் ஆகும் என்று அண்ணிக்குக் காட்டிவிடும் வேகத்தில் பத்தையும் ஐந்தே நிமிடத்தில் உதைத்து முடித்துவிட்டுத்தான் துணியைப் பார்த்தேன்.

நாற்பது தடங்கள் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தன. என் பத்தும் திசைக்கொன்றாகச் சிதறியிருந்தன. இடப்பக்கம் இரண்டு முழம் தள்ளி ஒன்று, வலப்பக்கம் மூன்று முழம் தள்ளி இன்னொன்று, ஒன்று துணியையே விட்டுவிட்டுச் சுவரில் பதிந்திருந்தது.

அண்ணி உள்ளே வந்து நின்றார். கை முழுக்கச் சாக்குத் தூசி.

"மெஷின்ல ஏதோ கோளாறு அண்ணி" என்றேன்.

"நூல் நின்னுச்சா?"

"நின்னுச்சு. பாத்துட்டுத்தான் உதைச்சேன்." அவருக்குப் பயந்து ஒவ்வொரு உதைக்கும் நூலைப் பார்த்திருந்தேன். அந்த ஒரு நல்ல காரியத்தைச் செய்யாமல் விட்டிருந்தால் காற்றின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்திருக்கலாம்.

அவர் திட்டவில்லை. ஒரு பந்தை எடுத்து வழக்கம்போல் வால்வை மேலே வைத்து உதைக்கவிட்டார். நடுவில் விழுந்தது. அதே பந்தை வால்வு இடப்பக்கம் பார்க்க வைத்தார். வலப்பக்கம் இரண்டரை முழம் விலகியது. இன்னொரு முறை அப்படியே வைத்தார், அதே இடம். வால்வைக் கீழே வைத்தார், முத்திரையை மறுபக்கம் திருப்பினார், வேறு பந்தை எடுத்தார். ஒரு மணி நேரம் நான் சுவரோரம் நின்றேன். பந்துக்கு ஒரே ஒரு பக்கம்தான் ஒழுங்கு. பதினோரு வருடமாக அந்த ஒரு பக்கத்தைத்தான் அண்ணி உதைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

பந்தை மடியில் வைத்து முக்காலியில் உட்கார்ந்தார். விரலால் தோலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். "பொடியெல்லாம் வார்னிஷ்ல முங்கிப் போச்சு. காத்துக்கு எங்க பிடிமானம்?" என்றார். அப்புறம், "வார்னிஷ் மட்டும் இல்ல தம்பி. வால்வு மேல பூட்ஸ் பட்டாக் கெட்டுடும்னு நான்தான் மேல வெச்சேன். யாரும் சொல்லல. நானா வெச்சது, அப்படியே பழகிடுச்சு. நல்லா இருக்கிற பக்கத்தையே பாத்துட்டு நல்லா இருக்குன்னு எழுதியிருக்கேன்."

எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அது முழுதாக ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பொத்தென்று வைத்தவன் நான், பொறுமை இல்லாதவன் நான், என் கையாலேயே என் லாரியை நிறுத்தியிருக்கிறேன் என்று புரிந்ததும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. எப்போதும்போல் அரை மணி நேரம் அவரைத் திட்டிக்கொண்டு சும்மா நின்றிருந்தால் அந்தப் பத்தும் நடுவில் விழுந்திருக்கும், ஊரில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

மாலை மேலாளர் அறையில் இருவரும் நின்றோம். அவர் சோதனை விதிகளை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டார்.

"ஐம்பது உதைன்னு இருக்கு. வால்வப் பத்தி ஒரு வரி கிடையாதும்மா. அப்புறமா நீங்க சொந்தமா உதைச்சதெல்லாம் கணக்கிலயே வராது. நாற்பது நல்லா இருக்கு. மீதி பத்தை உங்க வழக்கப்படி வெச்சு உதைச்சு முடிச்சுடுங்க."

"ஏற்கெனவே உதைச்ச பத்து இருக்கே சார்" என்றார் அண்ணி.

"யார் வெச்சது?"

அண்ணி தரையைப் பார்த்தார். நான் விதிகளைப் படிக்கிறவன்போல் மேசைப் பக்கம் குனிந்தேன்.

"கையெழுத்து இல்லாத உதை உதையே இல்ல" என்றார் மேலாளர். பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் மிகவும் அன்பாக இருந்தது. "நீங்க மத்தியானம் லோடிங்லதானே இருந்தீங்க?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். வாக்குக் கொடுத்தாகிவிட்டது, லாரி வாசலில் நிற்கிறது, ஒரு நாளைக்கு நான்கு முறை கூப்பிடும் அம்மாவுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று உள்ளுக்குள் காரணங்களை அடுக்கிக்கொண்டே ஆட்டினேன். ஆட்டிய பிறகு அண்ணி பக்கம் பார்க்க முடியவில்லை.

மேலாளர் விதித் தாளை மடித்தார். "இன்னொண்ணும் யோசிங்கம்மா. நீங்க சொல்றது சரின்னா பதினோரு வருஷமா நீங்க எழுதிக் குடுத்தது எதையும் நம்ப முடியாது. அப்படி ஒருத்தரை அந்த ரூம்ல நான் எப்படி வெச்சுக்க முடியும்? நாளைக்குக் காலையில சோதனைத் தாளோட வாங்க."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அண்ணன் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, என்ன விஷயம் என்று கேட்டார். "தம்பிக்கு இன்னிக்கு லோடிங்ல ரொம்ப வேலை" என்றார் அண்ணி. அவ்வளவுதான். என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தார். இவரிடம் எனக்குப் பிடிக்காத குணங்களில் முதலாவது இதுதான். வாய்விட்டுத் திட்டினால் நானும் பதிலுக்குக் கத்துவேன், சண்டை முடிந்துவிடும். இவர் சோறு வைப்பார்.

வெள்ளிக்கிழமை மணி அடிப்பதற்கு முன்பே சோதனை அறைக்குப் போனேன். மீதி பத்தை வழக்கப்படி உதைத்து முடித்திருப்பார் என்று பாதி நம்பிக்கை. உதைக்காமலேயே இருக்கவேண்டும் என்றும் உள்ளே எங்கேயோ ஓர் ஆசை. அதை ஒப்புக்கொள்ள எரிச்சலாக இருந்தது. இரும்புக் கால் துணியால் மூடியிருந்தது. கொட்டகையின் சாவி மேசைமேல் தனியாகக் கிடந்தது, திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்ததுபோல. அண்ணி பையில் தன் சாப்பாட்டு டப்பாவையும், அறையில் வைத்திருந்த பழைய செருப்பையும் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணி இது?"

"தையலுக்குத் திரும்பப் போகச் சொல்லுவாங்க. இல்ல வீட்டுக்கு. எதுவா இருந்தாலும் செருப்பு வேணுமில்ல?"

"பத்தையும் உதைச்சு முடிச்சிருந்தா இதெல்லாம் தேவையா? விதியில இல்லாததை ஏன் அண்ணி நீங்களா இழுத்துப் போட்டுக்கிறீங்க? உங்களுக்கு அந்த ரூம் வேணுமா வேண்டாமா?"

"வேணும் தம்பி" என்றார். குரல் கொஞ்சம் உடைந்தது. பதினோரு வருடத்தில் நான் அதைக் கேட்டதில்லை. "அங்க ஞாயித்துக்கிழமை கோல்ல நிக்கிற பொண்ணுங்க எல்லாம், தன் மேலதான் தப்புன்னு நெனைச்சுட்டு வீட்டுக்குப் போவாங்க. பந்து மேல சந்தேகம் வராது. பந்துலதான் நம்ம முத்திரை இருக்கே."

சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. யார் என்று பார்க்கத் தேவை இல்லை. எடுக்காமல் அடிக்கவிட்டேன்.

அண்ணி இழுப்பறையிலிருந்து சோதனைத் தாளை எடுத்தார். நாற்பது வரிகளிலும் அவர் கையெழுத்து. அதன் பக்கத்தில் ஒவ்வொரு வரியிலும் பொடி எழுத்தில், 'வால்வு மேலே, முத்திரை என் பக்கம், இந்த ஒரு நிலையில் மட்டும்' என்று எழுதியிருந்தார். நாற்பது தடவை. கீழே பத்து வரிகள். துணியைத் துடைப்பதற்கு முன் என் தடங்களை எப்போது அளந்தார் என்று தெரியவில்லை. இடம், வலம், எத்தனை சென்டிமீட்டர் என்று ஒவ்வொன்றையும் அவரே எழுதியிருந்தார். சுவரில் பதிந்ததைக்கூட விடவில்லை. கடைசிக் கட்டம் பத்தும் காலி.

"நான் வெக்காத பந்துக்கு நான் எப்படித் தம்பி போடுவேன்?" என்றார்.

பேனாவின் மூடியைக் கழற்றினார். தாளை என் பக்கமாகத் திருப்பி வைத்து, அது நகராமல் இருக்க அதன் ஓரத்தை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.